எதிர் நாற்காலி

ஓட்டல் அறையின் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அவள் அந்தச் சின்ன சோப்பை மறுபடியும் முகர்ந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, அதே வாசனைதான். போன மாதம் ஸ்பெஷல் டூட்டி என்று சொல்லிப் போய் மறுநாள் வீடு திரும்பிய கணவரின் கழுத்தில் இருந்த எலுமிச்சை வாசனை. பஸ் டிப்போவில் எலுமிச்சை சோப்பு யார் வாங்கி வைக்கிறார்கள் என்று அன்றைக்கே அவளுக்கு மூக்கில் வேர்த்தது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான் என்பது அவளுடைய தொழில் பாடம்.

பெரிய துணிக்கடை ஒன்றின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் பில்லையும் ஒத்துப்பார்ப்பது அவள் வேலை. பையை அவள் பார்ப்பதே கிடையாது, முகத்தைத்தான் பார்ப்பாள். கண்ணைப் பார்த்துப் பேசாதவன், காரணமில்லாமல் வேர்ப்பவன், கேட்பதற்கு முன்பே சிரிப்பவன் ஆகிய மூன்று பேரையும் ஓரமாக நிற்கவைத்தால் ஒருவர் பையிலாவது சேலை இருக்கும். விற்பனைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் அவளை சி.ஐ.டி. அம்மா என்பார்கள். அது அவளுக்குத் தெரியும், உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

வெளியிலிருந்து கதவு தட்டப்பட்டது.

"ஏம்மா, இன்னும் ஆகலையா? கூட்டம் சேர்றதுக்குள்ள மியூசியத்தைப் பார்த்துடணும்."

"இதோ வரேன். கால்ல வெந்நீரைக் கொட்டிக்காதீங்க."

சோப்பைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தடயம் கையில் இருக்க வேண்டும்.

அன்று பொழுது சாய்வதற்குள் அவர் இறந்துவிடுவார். அது தெரிந்திருந்தால் அவள் அந்தச் சோப்பைத் திரும்ப எடுத்த இடத்திலேயே வைத்திருப்பாளா என்று கேட்டால், சொல்வதற்கில்லை. எதையும் பாதியில் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

தலைநகரத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னவர் அவர். பிறகு மகள் பிறந்தாள், படித்தாள், கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள். அவருக்குத் தலை நரைத்தது, இவளுக்கு முழங்கால் தேய்ந்தது, இடது காது மந்தமானது. தலைநகரம் மட்டும் அதே இடத்தில் இருந்தது. இப்போது விடுமுறை மூன்று நாள் சேர்ந்தாற்போல் வந்ததும், திடீரென்று ரயில் டிக்கெட்டோடு வந்து நின்றார். "நானும் உன்னை மாதிரிதான். ஒரு தடவகூடப் பார்த்ததில்ல. ரெண்டு பேருமா சேர்ந்து முழிப்போம், வா," என்றார் ரயிலில். பார்த்ததே இல்லாத ஊரின் சோப்பு வாசனை கழுத்தில் எப்படி வரும்?

டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். முன்னால் போகிற சைக்கிளை முந்தமாட்டார். மழை தூறினால் வண்டி நடக்கும், ஓடாது. புது வழித்தடம் போட்டார்கள் என்றால் காலி வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் ஆள் ஏற்றமாட்டார். ஹாரன் என்பது வண்டியில் அழகுக்கு வைத்திருப்பது என்று நினைப்பவர். அப்படிப்பட்ட மனிதருக்குள் இப்படி ஒரு திருட்டுத்தனமா என்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நம்பமாட்டார்கள் என்பதுதானே அவருக்கு வசதி என்று அவள் நினைத்தாள்.

மியூசியத்தின் முன்வாசலில் மலைபோலப் படிகள். ஊரே அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்து, மதிலை ஒட்டி நடந்து, பின்னால் இருந்த ஒரு சின்னக் கதவுக்குள் கூட்டிப்போனார். உள்ளே லிஃப்ட் இருந்தது.

"இங்க லிஃப்ட் இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"டிரைவர்தானே நான். வழி தானா வரும்."

கேட்பதற்கு முன்பே சிரிக்கவில்லை, கேட்ட பிறகுதான் சிரித்தார். அதை அவள் குறித்துக்கொண்டாள். புது இடத்துக்கு வந்தவன் தலையை அண்ணாந்து பலகைகளைப் படிப்பான். இவர் ஒரு பலகையையும் படிக்கவில்லை. பழைய ராஜாக்களின் வாள்களைப் பார்த்து முடித்த இடத்தில் சரியாக ஒரு பெஞ்சு இருந்தது. "உட்காரு, கால் வலிக்கும்," என்றார். வலிக்க ஆரம்பித்திருந்தது. உட்கார்ந்தாள். சற்று நேரம் போனதும் அவளாக எதுவும் கேட்காமலேயே, "லேடீஸ் டாய்லெட் வேணும்னா அந்தத் தூணுக்குப் பின்னாடி இருக்கு. சுத்தமா இருக்கும்," என்று சொன்னார்.

பெண்கள் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது ஒரு ஆணுக்கு எப்போது தெரியும்? வெளியே காத்துக்கொண்டு நின்றிருந்தால் தெரியும். சுத்தமாக இருக்கிறது என்பதை உள்ளே போய்விட்டு வந்தவள் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னம்மா ஒரு மாதிரியா இருக்க?"

"ஒண்ணுமில்ல. ராஜாக்களைப் பத்தி யோசிச்சேன். ஒவ்வொருத்தருக்கும் எத்தனை ராணின்னு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றமும் தெரியவில்லை என்பதுதான் அவளை இன்னும் எரிச்சலாக்கியது. லிஃப்டுக்குத் திரும்புகையில் தூணைப் பிடித்துக்கொண்டு சிறிது நின்றார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. உள்ளே ஏசி குளிரடித்துக்கொண்டிருந்தது.

காரணமில்லாமல் வேர்ப்பவன், என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சாப்பிடப் போன இடம் ஆற்றங்கரையில் ஒரு மாடி உணவகம். அங்கேயும் லிஃப்ட். கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததுதான் தாமதம், பரிமாறும் பெண் ஒருத்தி முகமெல்லாம் மலர எதிரே வந்தாள். நாற்பது வயதிருக்கும். வாளிப்பான உடம்பு, கன்னத்தில் குழி.

"வாங்க சார், வாங்க! அதே ஜன்னலோர மேசைதானே?"

கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற இவளைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் காது மடல் வரை சிவந்துபோய் நின்றார். கடை வாசலில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவளுக்கு, பிடிபட்ட முகம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேசைக்கு இருபுறமும் ஒவ்வொரு நாற்காலி. "நீ இதுல உட்காரு," என்று ஒன்றை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தாள். ஆறு முழுவதும் கண்ணுக்கு முன்னால் கிடந்தது, படகுகள், பாலம், அக்கரையில் மரங்கள். இத்தனை வருடம் அவள் கேட்ட தலைநகரம் அதுதான். அவள் ஆற்றைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. சூப்பைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார், மேசை விரிப்பைப் பார்த்தார். எப்போதாவது நிமிர்ந்தாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உடனே குனிந்துகொண்டார். முகமெல்லாம் வேர்வை பளபளத்தது. அந்தப் பெண் வந்து மீனை வைத்தாள். வைத்துவிட்டு அவர் பக்கமாகக் குனிந்து ஏதோ மெதுவாகக் கேட்டாள். இவளுடைய மந்தமான காதில் ஒன்றும் விழவில்லை. அவர் தலையை ஆட்டி, "வேண்டாம், இருக்கட்டும்," என்றார்.

"என்ன கேக்கறா?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு. மீன் காரமில்லாமத்தான் இருக்கும்."

"நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். முயன்றார் என்றுதான் சொல்ல வேண்டும். கண் கலங்கியது, இமை படபடத்தது, குனிந்துவிட்டார். இத்தனை வருடம் பக்கத்துத் தலையணையில் படுத்த மனிதர், முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருக்கிறார். எடுத்த மீனை அவள் தட்டில் வைத்தார். அவள் தொடவில்லை.

அறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேசாமல் இருப்பது வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் அங்கே குக்கர் சத்தமாவது இருக்கும்.

"வெயில் தாழ்ந்ததும் படகு இருக்கும்மா," என்றார். "கிளம்பணும்."

"நான் வரல. அவளைக் கூட்டிட்டுப் போங்க."

"எவளை?"

"ஜன்னலோர மேசைக்காரியை."

அவர் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "அட, இதுக்கா இத்தனை நேரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்த? உன் சி.ஐ.டி. புத்தி..."

"சிரிக்காதீங்க. இதுக்கு முன்னாடி இந்த ஊருக்கு வந்தீங்களா, இல்லையா?"

"வந்தேன்."

"இந்த ஓட்டல்ல தங்கினீங்களா?"

"தங்கினேன். இதோ பாரு, படகுல ஏறினதும் எல்லாத்தையும் சொல்றேன். அங்க வெச்சுத்தான் சொல்லணும்னு நினைச்சிருந்தேன்."

"இப்பச் சொல்லுங்க."

"இப்பச் சொன்னா கெட்டுப்போயிடும்மா."

கெட்டுப்போவதற்கு இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று நினைத்தாள். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அவர் ஷூ போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. தனியாகவே போகப்போகிறார் போலிருக்கிறது, போகட்டும். பிறகு, "ஏம்மா..." என்று ஒருமுறை கூப்பிட்டார். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. பிடிபட்ட பிறகு எல்லோரும் கெஞ்சத்தான் செய்வார்கள். அவள் திரும்பவில்லை.

கதவு திறக்கும் என்று காத்திருந்தாள். திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து, கோபத்தைவிட அமைதி கனத்துப்போனபோது, திரும்பிப் பார்த்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொரு ஷூ மடியில் இருந்தது.

அரசு மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் அவளை உட்காரவைத்துக் கேட்டார். "காலையிலேர்ந்து ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சதாம்மா? வேர்த்துச்சா? மூச்சு வாங்கினாரா?"

"வேர்த்துச்சு," என்றாள்.

"ஏசியில இருக்கும்போதா?"

"ஆமா."

"கவனிச்சிருக்கீங்க," என்றார் மருத்துவர். குற்றம் சொல்லும் குரலே இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

விடிந்ததும் கொழுந்தன் வந்து சேர்ந்தான். வந்தவன் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அவள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நர்ஸ்கள் கடந்துபோகையில் திரும்பிப் பார்த்தார்கள். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார்கள். அழுகை வராமல் இல்லை, நெஞ்சுக்குழி வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது. அவள்தான் விடவில்லை. யாருடைய புருஷனுக்காக அழுகிறோம் என்று தெரியாமல் எப்படி அழுவது? இவள் இங்கே மாரடித்துக்கொண்டு அழ, அங்கே ஒருத்தி பரிமாறும் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பங்குக்கு அழுதால்?

"தம்பி, உங்க அண்ணன் போன மாசம் இந்த ஊருக்கு வந்தாரே, உங்களுக்குத் தெரியுமா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கெப்படி அண்ணி தெரியும்? எங்கிட்டயும் ஸ்பெஷல் டூட்டின்னுதான் சொன்னாரு." சொன்னவன் சட்டென்று நிறுத்திக்கொண்டு தரையைப் பார்த்தான். "போன மனுஷனைப் பத்தி இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம்?"

அவனும் அதைத்தான் நினைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி விடுமுறையில் இருந்தார். வீட்டிலிருந்து ஆளை வரவழைக்கிறோம், மதியத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். கொழுந்தன் அமரர் ஊர்தி பேசப் போனான். அவள் எழுந்து முகத்தைக் கழுவினாள். கைப்பையைத் திறந்து பார்த்துக்கொண்டாள். சோப்பு இருந்தது. வாசலில் ஆட்டோ பிடித்து ஆற்றங்கரைக்குப் போகச் சொன்னாள்.

வழியெல்லாம் என்ன பேசுவது என்று கோத்துக்கொண்டே போனாள். முதலில் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார வேண்டும். அவளாக வந்து சார் எங்கே என்று கேட்பாள். செத்துட்டாரு என்று சொல்லிவிட்டு முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். வாய் என்ன சொன்னாலும் சரி, முகம் சொல்லிவிடும்.

உணவகத்தில் கூட்டம் ஓய்ந்திருந்தது. கன்னத்தில் குழி விழுந்தவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் சிரிப்போடு வந்தாள்.

"வாங்கம்மா! சார் பின்னாடி வர்றாரா? நேத்து நான் வாய் தவறி உளறிட்டேன். எங்கிட்ட அத்தனை தடவ சொல்லியிருந்தாரு. சண்டை கிண்டை ஒண்ணும் ஆகலையே?"

"செத்துட்டாரு."

அந்தப் பெண்ணின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. இவள் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திகைப்பு வந்தது. பிறகு இரக்கம் வந்தது. அதற்குப் பின்னால் வேறு ஒன்று வரும் என்று இவள் காத்திருந்தாள், கடை வாசலில் காத்திருப்பதுபோல. வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் இறந்ததைக் கேட்டால் நல்ல மனதுக்காரர்கள் எப்படி ஆவார்களோ அப்படித்தான் ஆனாள்.

"எப்பம்மா? ஐயோ, நேத்துத்தானே..."

"போன மாசம் அவரு கூட வந்தது யாரு?"

"யாரும் வரலையேம்மா."

"பொய் சொல்லாத. அதே மேசைன்னு நீதானே கேட்ட?"

"தனியாத்தான்மா வந்தாரு." அவள் குரல் தழுதழுத்தது. "ரெண்டு பேருக்குத் தட்டு வைக்கச் சொன்னாரு. யாராவது வருவாங்களா சார்னு கேட்டேன். இன்னைக்கு இல்ல, அடுத்த மாசம் வருவாங்கன்னாரு. மீனை வாங்கி ஒரு வாய் தின்னு பார்த்துட்டு, காரத்தைக் குறைக்க முடியுமான்னு கேட்டாரு. பாட்டுப் பெட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னாரு, வீட்டுல காது கொஞ்சம் மந்தம்னு. மியூசியத்துல லேடீஸ் டாய்லெட் சுத்தமா இருக்குமான்னு எங்கிட்டதான் கேட்டாரு. கேக்கும்போது பாவம், அவருக்கே வெட்கமாப் போச்சு. சமையல்காரங்களும் நானும் சிரிச்சோம். முதல் தடவ வர்ற மாதிரியே இருக்கணும், அவங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு. நான் பாவி, மூஞ்சியைப் பார்த்த சந்தோஷத்துல..."

இவள் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"காலி வண்டி," என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"இந்த மேசையில அப்படி என்னத்தைப் பார்த்தாரோ தெரியலம்மா. இதுல கொஞ்ச நேரம் உட்கார்றாரு, எழுந்து அதுல உட்கார்றாரு, திரும்ப இதுக்கு வர்றாரு. ஏன் சார்னு கேட்டா சிரிக்கிறாரு."

ஜன்னலோர மேசை காலியாக இருந்தது. அவள் மெதுவாக அதனிடம் போனாள். நேற்று தான் உட்கார்ந்த நாற்காலியைத் தாண்டி, எதிர் நாற்காலியை இழுத்து, அதில் உட்கார்ந்தாள்.

கண் கூசியது. ஆற்றோரத்தில் நின்ற உயரமான கண்ணாடிக் கட்டடத்தில் மதிய வெயில் பட்டுத் திரும்பி, நேராக அந்த நாற்காலியின் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. இங்கிருந்து ஆறு தெரியவில்லை, படகும் தெரியவில்லை. நேற்று தான் உட்கார்ந்த இடத்தை நிமிர்ந்து பார்க்க முயன்றாள். இமை படபடத்தது, கண்ணில் நீர் கட்டியது, குனிந்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் நிமிர்ந்தாள். அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் முகம் தெரிந்திருக்காது.

கைப்பைக்குள் போன் அடித்தது. கொழுந்தனாக இருக்கும். அவள் எடுக்கவில்லை.

அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவள் பக்கமாகக் குனிந்து, நேற்றுக் கேட்ட அதே மெல்லிய குரலில் கேட்டாள்.

"வெயில் மூஞ்சில அடிக்குதே, திரையை இழுத்து விடட்டுமா? அந்தப் பக்கம் உட்கார்றவங்களுக்கு ஆறு மறைஞ்சிடும், அவ்வளவுதான்."

எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

"வேண்டாம்," என்றாள் அவள். "இருக்கட்டும்."